விலாங்குக்கு வைத்த பெயர்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் இசாமு தலை தாழ்த்தி எழுதுவது.

கோடை மழை ஓய்ந்து வெயில் ஏறிவிட்டது. எருது நாள் நெருங்குகிறது. ஹமாமட்சுவில் உங்கள் விலாங்குக் கடை வாசலில் வரிசை இந்நேரம் தெருமுனை திரும்பியிருக்கும், கரியடுப்புப் புகையில் உங்கள் கண் கரித்துக்கொண்டிருக்கும். ஊரே விலாங்கு சாப்பிடும் அந்த நாளுக்கு முன்னால் ஒரு விலாங்கைப் பற்றி உங்களுக்கு எழுத நேர்ந்ததற்கு மன்னியுங்கள். அத்தை நலம் என்று நம்புகிறேன். உங்கள் மகள் கயோகோ நலமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமே. கேட்பதற்கு எனக்கு முகம் இல்லை.

அவள் உங்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது. என் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். தொட்டியில் வளரும் விலாங்குகள் அநேகமாக எல்லாமே ஆணாகிவிடும்; ஏன் என்று எங்களுக்கே சரியாகப் பிடிபடவில்லை. முட்டை வேண்டும் என்பதால், சிறிதாக இருக்கும்போதே தீனியில் பெண் ஹார்மோனைக் கலந்து கொடுத்துத்தான் சிலவற்றைப் பெண்ணாக்குகிறோம். அதோடு விட்டதா? மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. பருவம் வந்துவிட்டது, புறப்படு என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். தொட்டி விலாங்குக்குள் அது வாயே திறப்பதில்லை. அதனால் சால்மன் மீனின் சுரப்பியிலிருந்து சாறெடுத்து வாராவாரம் ஊசி போடுகிறோம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் விலாங்குகளுக்கு எண்தான் வழக்கம், பெயர் கிடையாது. ஆனால் ஒன்று மட்டும் நான் உள்ளே நுழையும்போதெல்லாம் தலையைத் தூக்கி, "இப்பத்தான் வர்றீங்களா?" என்பதுபோல் பார்க்கும். எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். ஆசையாகத் தொட்டியின் மேல் 'கயோகோ' என்று எழுதி ஒட்டிவிட்டேன். ஆசையாகத்தான் மாமா, சத்தியமாக.

வினை அங்கேதான் பிடித்தது. என் உதவியாளர் ஹிராதே கெட்டிக்காரப் பெண், வாய்தான் நிற்காது. ஒரு நாள் காலை அவள் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன், எடுத்தது உங்கள் மகள். அவள் ஹலோ சொல்வதற்குள் இவள் ஆரம்பித்துவிட்டாள். "சார், கயோகோவுக்கு வயிறு நல்லா ஊதிடுச்சு! நீங்க வந்து தொட்டுப் பாருங்க."

"எந்தக் கயோகோவுக்கும்மா?"

"நம்ம கயோகோதான் சார். உங்க குரல் ஏன் இப்படி இருக்கு?"

நான் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது போன் என் கையில் திணிக்கப்பட்டது. உங்கள் மகளிடம் விஷயத்தை விளக்கினேன். "வேற பொம்பளையா இருந்தா போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வருவேன். மீன்கிட்ட போய் என்னத்தக் கேக்குறது?" என்றாள். என்னவோ, சிரித்தாள் என்பதால் நானும் அதை விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் எங்கள் கூடத்து உறைபெட்டி பழுதாகிவிட்டது. சால்மன் சுரப்பிகளைக் கொண்டுவந்து வீட்டு பிரிட்ஜில், சூப்புக்குப் போடும் மிசோ டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். எழுதி ஒட்டாதது என் பிழை. அன்று சூப் பிரமாதம். என்ன போட்டாய் என்று கேட்டேன். "பிரிட்ஜில மீன் முட்டை மாதிரி இருந்துச்சே, அதான். எனக்காக வாங்கிட்டு வந்தீங்கன்னு நெனச்சேன்" என்றாள். மாமா, எத்தனை சால்மன் தலைகளைப் பிளந்து எடுத்தது அது! வயிற்றுக்குள் போனால் வெறும் மீன்தான், யாரையும் ஒன்றும் செய்யாது. பயப்படாதே, ருசியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். நான் சட்டிக்குள் தலையை விட்டு, மிச்சம் மீதி கிடைக்குமா என்று கரண்டியால் துழாவிக்கொண்டே, "ஐயோ, கயோகோவுக்கு இனிமே என்ன பண்றது? அவ இப்பல்லாம் ஒண்ணுமே சாப்பிடறதில்ல" என்று புலம்பினேன்.

அவள் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். "அது சாப்பிடலைன்னு தெரியுது. நான் சாப்பிடாதது தெரியலையா? எதிர்ல ஆளே இல்லாம எத்தனை நாளைக்குங்க சோறு எறங்கும்?"

மறுநாள் உங்கள் ஊர் ரயிலில் ஏறிவிட்டாள்.

எங்கள் கல்யாணத்தன்று நீங்கள் சொன்னீர்கள்: "நான் விலாங்கைக் கொல்றவன், நீ பொறக்க வைக்கிறவன். நடுவுல என் பொண்ணு மாட்டிக்கப் போறா." எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். இப்போது அவள் வீட்டுக்குள் போடும் செருப்பு, கழற்றிவிட்டுப் போனபடி வாசலைப் பார்த்து இருக்கிறது, அதைத் திருப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்து, வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, பதில் வராமல் அப்படியே நிற்கிறேன். கடலுக்குப் புறப்படும் காலத்தில் விலாங்கு சாப்பாட்டை நிறுத்திவிடும், கண் பெரிதாகிவிடும். தெற்கே வெகுதூரத்தில், ஆழக்கடலில் பிறந்து, குஞ்சில் பிடிபட்டுத் தொட்டிக்கு வந்தது எங்கள் விலாங்கு. போக வேண்டிய அந்தத் தூரத்துக்குப் பதிலாகத்தான் நாங்கள் ஊசி போடுகிறோம். "சார், உங்க கண்ணும் பெரிசாயிட்டே வருது, ஊசிய மாத்திப் போட்டுக்கிட்டீங்களா?" என்று ஹிராதே கேலி செய்கிறாள். எனக்கு உங்கள் மகள் இல்லாமல் முடியவில்லை மாமா. சுற்றி வளைக்காமல் சொன்னால் இவ்வளவுதான்.

நானே வந்து அழைப்பதுதான் முறை. ஆனால் இன்று நண்பகலில் அந்த விலாங்குக்குக் கடைசி ஊசி. முட்டையைப் பக்குவப்படுத்தும் ஹார்மோன் அது, வேளை தப்பினால் முட்டை கெட்டுவிடும். பிறகு குஞ்சு பொரிக்கும்வரை நான் இங்கிருந்து அசைய முடியாது. ஆகவே தயவுசெய்து நீங்களே நல்ல வார்த்தை சொல்லி அவளை அனுப்பிவையுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் அடுப்பில் கனலும் வாசலில் வரிசையும் குறையாதிருக்கட்டும்.

பணிவுள்ள மருமகன்,
இசாமு

பி.கு.: தாளைக் கிழிப்பதும் மறுபடி எழுதுவதுமாக இருந்ததில் ஜன்னலில் இருட்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. வெளிவேலை முடித்து வந்த ஹிராதே, ஊசி போட்டாச்சா என்று கேட்டாள். இருவரும் ஓடிப்போய்த் தொட்டியைப் பார்த்தோம். வேளை தப்பி, முட்டையெல்லாம் கெட்டுவிட்டது. "ரெண்டு வருஷ வேலை சார்! எப்படி மறந்தீங்க?" என்று அழாத குறையாக நிற்கிறாள். எனக்கு வருத்தம் வர வேண்டும், வரக் காணோம். இதைக் கடை ஃபாக்ஸில் அனுப்புகிறேன், ஆர்டர்களோடு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவளை அனுப்ப வேண்டாம். காலை முதல் ரயிலில் நானே வருகிறேன். மேலே எழுதிய எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். ஊசி போட மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள்.