சம்மாட்டி இழுத்த கார்

ரொறன்ரோவில் பனி தன்னைக் கேட்டுத்தான் விழுகிறது என்று நினைத்த ஒரே மனிதர் எங்கள் சம்மாட்டி அண்ணை. மன்னாரில் படகும் வலையும் வைத்து ஆட்களை ஆண்டதால் வந்த பட்டம் அது. டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் ஒன்பதாம் மாடிக்குக் குடிவந்த பிறகும் அந்த அதிகாரம் போகவில்லை. அவரிடம் காரும் இல்லை, லைசென்சும் இல்லை. ஆனால் யாருடைய கார் பனியில் புதைந்தாலும் முதல் ஆளாகக் கயிற்றோடு இறங்கிவிடுவார்.

தொலைக்காட்சி வானிலைக்காரரை அவர் மதித்ததே இல்லை. பல்கனியில் நின்று காற்றை மணந்து பார்த்து, "வாடை திரும்பிட்டுது. நாளைக்கு ஒருத்தரும் வேலைக்குப் போகேலாது" என்பார். மறுநாள் வெயில் கொளுத்தும்.

அவர் வாயே திறக்காத ஒரு தை மாதத்தில்தான் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. காலையில் கார்கள் நின்ற இடமெல்லாம் வெள்ளைத் திடல்கள். அன்றைக்கென்று என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அம்புலன்ஸ் வரச் சுணங்கும் என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சம்மாட்டி காற்சட்டைக்கு மேலே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கதவு கதவாகத் தட்டி ஆம்பிளைகளை இறக்கினார். காரைத் தோண்டிக் கயிறு கட்டி, கரைவலை இழுப்பதுபோல் எங்களை வரிசையில் நிறுத்தினார்.

"ஏலேலோ!"

"ஐலசா!"

"அண்ணை, அசையுதில்லை!"

"வாயாலை இழுக்காமல் கையாலை இழு!"

ஒருவழியாகக் கார் சறுக்கிக்கொண்டு பாதைக்கு வந்தது. சாவியைப் போட்டேன், திறக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து உள்ளே பார்த்தால் பின்சீட்டில் இறைச்சிக்கடைத் தராசு.

"யா அல்லாஹ்! இது என்ட கார்!" என்று ஓடிவந்தார் நாங்கள் நானா என்று கூப்பிடும் நாலாம் மாடி முஸ்லிம் அண்ணர். இறைச்சிக்கடை அவருடையது.

நாங்கள் எல்லோரும் விறைத்துப் போனோம். சம்மாட்டி மட்டும் அசரவில்லை.

"ஏன் நிக்கிறீங்கள் நானா? கெதியாத் திறவுங்கோ. உங்களுக்காகத்தானே காத்துக்கொண்டு நிக்கிறம்."

நல்ல மனிதர் நானா. தராசைத் தூக்கி, மனைவியோடு பின்சீட்டில் ஏறிய என் மடியில் வைத்துவிட்டுக் காரை எடுத்தார். முன்சீட்டில் ஏறிய சம்மாட்டி வழிநெடுகக் கத்தினார்: "வலப்பக்கம் வெட்டுங்கோ, அலை வருது!" அவர் அலை என்றது பனி தள்ளும் லொறியை. முனகிக்கொண்டிருந்த மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் பிறந்தாள், வழியில் இல்லை. அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சம்மாட்டி இப்போது விட்பியில் மகனோடு இருக்கிறார். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கராஜ், கயிற்றுக்கு வேலையே இல்லை. முதல் பனி விழுந்ததும் எனக்குப் போன் வரும்.

"தம்பி, கார் புதைஞ்சுபோச்சோ?"

எங்கள் கார் இப்போதெல்லாம் கட்டடத்துக்குக் கீழே, நிலத்தடித் தரிப்பிடத்தில், காய்ந்த நிலத்தில் நிற்கிறது.

"ஓம் அண்ணை," என்பேன். "நல்லாப் புதைஞ்சுபோச்சு. நீங்கள் இல்லாமல் ஏலாது."