சிம்மாசனப் பெட்டியின் சேல்ஸ் டைரக்டர்

என் பலவீனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் பதவி சொல்லிக் கூப்பிட்டால் நான் அப்படியே உருகிவிடுவேன். ஒருமுறை பேங்கில் ஒருவர் தவறுதலாக என்னை "மேனேஜர் சாப்" என்று கூப்பிட்டுவிட்டார். அவருடைய படிவம் முழுவதையும் நிரப்பிக் கொடுத்து, வாசல்வரை வழியனுப்பியும் வைத்தேன். (அவருக்குப் பின்னால் நின்றவருடைய படிவத்தையும்தான்.)

எண்பதுகளின் நடுவில், எனக்கு இருபத்து மூன்று வயது. தாராவியில் காதர் மாமாவின் பெட்டிப் பட்டறையில் வேலை. மாமா என் உம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. தோல் பெட்டி, ரெக்ஸின் பெட்டி, ஆபீஸ் பெட்டி என்று எல்லாம் செய்வார். அவர் போட்ட தையலைப் பிரிக்க அவராலேயே முடியாது. அவருடைய மகள் பல்கீஸை எனக்குக் கொடுப்பதாக ஒரு பேச்சு வீட்டில் இருந்தது. பேச்சுதான், முடிவில்லை. மாமா என்னைக் கூப்பிடுவது "ஏலே". கோபம் வந்தால் "ஏல ஏலே". வீட்டிலும் தெருவிலும் எனக்கு வேறு பெயர் இருந்ததாகவே நினைவில்லை.

அப்படிப்பட்ட என்னை ஒருவர் வந்து "வாங்க டைரக்டர்" என்றால் என்ன ஆவேன், சொல்லுங்கள்.

அவர் பெயர் சந்துரு. மாதுங்காக்காரர். சாம்பல் நிற சஃபாரி சூட், கறுப்புக் கண்ணாடி, எப்போதும் டாக்சி. எங்கள் சந்துக்குள் டாக்சி நுழையாது என்பதால் தெருமுனையில் இறங்கி, சாக்கடையைத் தாண்டி, ஏதோ ரிப்பன் வெட்ட வருகிறவரைப் போல் நடந்து வருவார். வந்த முதல் நாளே பட்டறை நடுவில் நின்று கேட்டார்.

"பம்பாய்ல எல்லார்கிட்டயும் இல்லாதது எது?"

"வீடு" என்றார் மாமா.

"அதுக்கு அடுத்தது?"

மாமா யோசித்தார். "நல்ல தண்ணி."

"சீட் சார், சீட்! ரயில்ல உட்கார ஒரு சீட்! லட்சம் பேர் நின்னுண்டே ஆபீஸ் போறான். ஒவ்வொருத்தன் கையிலயும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியே சீட்டாயிடுத்துன்னா?"

பட்டறையில் தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷம் இந்த யோசனை யாருக்கும் வராமல் போனது எப்படி என்று வியந்தேன். (ஏன் வரவில்லை என்பது பிறகு புரிந்தது. மற்றவர்கள் எல்லாரும் ரயிலில் போகிறவர்கள்.)

அரை மணி நேரத்தில் பம்பாய் சிம்மாசன் கம்பெனி பிறந்தது. சந்துரு எம்.டி. மாமா டெக்னிக்கல் டைரக்டர். நான் சேல்ஸ் டைரக்டர். டீ கொண்டுவந்த கடைக்காரர் கேட்டரிங் டைரக்டர் ஆகிவிட்டுப் போனார். அடுத்த வாரமே எனக்கு விசிட்டிங் கார்டு வந்தது. "எஸ். மீரான், சேல்ஸ் டைரக்டர்" என்று தங்க எழுத்தில். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. கன்னத்தில் தங்கம் ஒட்டியிருந்ததை உம்மா சோப்புப் போட்டுத் தேய்த்து எடுத்தாள்.

பெட்டி இப்படித்தான் இருக்கும். ஒரு புத்தகத்தை விரித்து மேசைமேல் நிறுத்துவதுபோல் பெட்டியைப் பாதி திறந்து தரையில் நிறுத்த வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில், மேலே ஒரு கான்வாஸ் துணி விறைப்பாக இழுபடும். அதன்மேல் உட்கார வேண்டியதுதான். பூட்டு மட்டும் சந்துருவின் சொந்த ஏற்பாடு. ஃபாரின் பூட்டாம். மூடினால் தானாக 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். சாவி இல்லாமல் ஆண்டவனாலும் திறக்க முடியாது.

முதல் பெட்டி தயாரான அன்று மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பல்கீஸ், கதவருகே நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வாப்பா, இதுக்குச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"எம்.டி. கிட்ட இருக்கும்மா" என்று சந்துரு சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "ஒரே சாவி. செக்யூரிட்டி!"

நாங்கள் மூன்று டைரக்டர்களும் சிரித்தோம். பெண்பிள்ளைக்கு வியாபாரம் என்ன தெரியும் என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மாமா சாதாரணப் பெட்டி செய்வதையே நிறுத்திவிட்டார். பழைய கடைக்காரர்கள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். பட்டறை முழுக்கச் சிம்மாசனம். வாங்கத்தான் ஆள் இல்லை. மாமா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏலே, உன் பேச்சைக் கேட்டுத்தான் இறங்கியிருக்கேன். இது ஓடிச்சுன்னா பெருநாள் முடிஞ்ச கையோட நிக்காஹ். ஓடலைன்னு வையி, தேவ்நார்லேருந்து ஒரு மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கான். லாரி வச்சிருக்கான். தெரிஞ்சுக்கோ."

ஆக, என் கல்யாணம் ஒரு கான்வாஸ் துணியின் மேல் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் சந்துரு அந்த உல்லாஸ்நகர் சேட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெட்டி, பர்ஸ், துணி என்று எல்லாம் மொத்தமாக வாங்கி விற்கிற ஆள். "ஆயிரம் பெட்டி எடுப்பார். ஆனா ஓடற ரயில்ல பார்க்கணுமாம்" என்றார். திட்டமும் அவருடையதுதான். காலை ரயில் மான்குர்திலிருந்து கிளம்புகிறது. நாங்கள் அங்கேயே ஏறி, பெட்டியை விரித்து உட்கார்ந்துவிடுவோம். சேட் உல்லாஸ்நகரிலிருந்து வந்து குர்லாவில் எங்கள் டப்பாவில், அதாவது நாங்கள் இருக்கும் ரயில் பெட்டியில், ஏறுவார். ஊரே நசுங்கிக்கொண்டு நிற்க, சிம்மாசனத்தில் ஒருவன் சுகமாக வீற்றிருக்கும் காட்சியைப் பார்ப்பார். ஆர்டர்!

"கூட்டம் ஜாஸ்தி இருக்குமே சார்" என்றேன்.

"கூட்டம்னா எவ்வளவு? கல்யாண மண்டபம் மாதிரி இருக்குமா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியிலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். டைரக்டர்கள் விழித்துக்கொள்வதில்லை.

ரயிலேறப் போகிற அன்று மாமா வழக்கமான கைலியை விட்டு வெள்ளை வேட்டி கட்டி, இடுப்பில் அகலமான பச்சை பெல்ட்டும் போட்டு வந்தார். சந்துரு பார்த்துவிட்டு, "டெக்னிக்கல் டைரக்டருக்குப் பச்சை பெல்ட் நன்னாவா இருக்கு?" என்றார். மாமா பெல்ட்டை உடனே கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். பதவி ஆசை எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது.

மான்குர்தில் ரயில் காலியாக வந்து நின்றது. அது எங்கள் திட்டத்தில் இல்லை. அத்தனை இருக்கைகளும் காலியாகக் கிடக்க, நடைபாதையில் சந்துரு சாவி போட்டுப் பெட்டியைத் திறந்து விரித்தார். நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன். எதிரே இருந்தவர் மனசு கேட்காமல், "அரே பாய், சீட் காலி ஹை. பைட்டோ நா!" என்று இருக்கையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். "இல்லை, இதுவே வசதி" என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

கோவண்டியில் கூட்டம் ஏறியது. வந்தது வினை. பம்பாய் ரயிலில் இருக்கை என்பது உட்கார்ந்திருப்பவருடைய சொத்து இல்லை. நிற்கிறவர் குனிந்து "கிதர் உத்ரேகா?", அதாவது எங்கே இறங்குவாய் என்று கேட்டுவிட்டால், நாம் எழுந்ததும் அந்த இடம் அவருடையது. ரொம்ப தூரம் போகிறவன் பாதி வழியில் எழுந்து, நிற்கிறவருக்கு இடம் கொடுப்பதும் மரியாதை. பிறந்ததிலிருந்து இந்த மரியாதையிலேயே ஊறியவன் நான். டிபன் டப்பாவோடு ஒருவர் என்னிடம் குனிந்து கேட்டார்.

"கிதர் உத்ரேகா?"

கடைசி ஸ்டேஷனான வி.டி. என்றேன்.

"நானும் வி.டி.தான். ஆதா ஆதா? பாதி வழி நீங்க, பாதி வழி நான்?"

செம்பூர் வந்ததும் என் கால்கள் தாமாக எழுந்துவிட்டன. அவர் உட்கார்ந்துவிட்டார். சொந்தப் பெட்டியைப் பறிகொடுத்துவிட்டு நிற்கும் என்னிடம், அவருக்குப் பின்னால் நின்றவர், "இவருக்கு அப்புறம் நான்" என்று வேறு சொல்லிவைத்தார். சிம்மாசனத்துக்குக் குர்லா வருவதற்குள் நாலு பேர் புக்கிங் ஆகிவிட்டது.

சந்துருவுக்கோ ஆனந்தம். "பார்த்தேளா டிமாண்டை!" என்றார்.

மாமாவுக்குத்தான் தாங்கவில்லை. "ஏல ஏலே! நான் செஞ்ச பெட்டி, நமக்கே இடமில்லையால? சேட்டு வந்து பாக்கையில எவனோ ஒருத்தன் டிபன் டப்பாவ வச்சிக்கிட்டு உக்காந்திருப்பான், நாம பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்று அந்த ஆளை எழுப்பிவிட்டு, வேட்டியை விரித்துத் தானே உட்கார்ந்துகொண்டார். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தார். மீசையைக்கூட ஒருமுறை தடவிக்கொண்டார்.

குர்லா வந்தது. சேட்டை வரவேற்க சந்துரு வாசலில் போய் நின்றார். குர்லாவில் வாசலில் நிற்பது பற்றிப் பம்பாயில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இறங்குகிற கூட்டம் அவரை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய்ப் பிளாட்பாரத்தில் வைத்தது. ஏறுகிற கூட்டம் சேட்டையும் அவருடைய துணி மூட்டையையும் தூக்கி உள்ளே போட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி ஒரு காதில் தொங்க, சந்துரு ரயிலோடு நாலடி ஓடிவந்தார். அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

"டைரக்டர்ஸ்! கன்டினியூ!"

அதற்குள் உள்ளே கூட்டம் இரண்டு பக்கமும் நெருக்கியது. விரித்து வைத்த புத்தகத்தை இரண்டு பக்கமும் அழுத்தினால் என்ன ஆகும்? மூடிக்கொள்ளும். மாமா அலறிக்கொண்டு எழுந்தார். அவருக்கடியில் 'டக்' என்று ஒரு சத்தம். வேட்டியில் பாதி பெட்டிக்குள், மீதி மாமாமேல்.

"சாவி எங்கலே?"

"எம்.டி. கிட்ட மாமா."

"எம்.டி. எங்க?"

"குர்லாவுல."

அதன்பின் வி.டி. வரைக்கும் மாமா இடுப்பை ஒரு கையாலும் பெட்டியின் கைப்பிடியை ஒரு கையாலும் பிடித்தபடி நின்றார். வி.டி.யில் கூட்டம் இறங்கும்போது பெட்டியும் அதோடு சேர்ந்து இறங்கியது. வேட்டியும் பெட்டியோடு போனது. ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மாமா ஜன்னல் மூலையில், நீளச் சட்டையும் கோடு போட்ட பட்டாபட்டி நிக்கருமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் கட்டவேண்டிய பச்சை பெல்ட் என் பையில் பத்திரமாக இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்கீஸ் போனாள் என்று நினைத்து அல்ல. மாமாவின் முகத்தைப் பார்த்துத்தான். தாராவியில் அவர் நடந்தால் பத்துப் பேர் சலாம் சொல்வார்கள். அந்த மனிதரை இப்படி உட்கார வைத்தது நானும் என் தங்க எழுத்துக் கார்டும்தான். யோசிக்காமல் என் பேண்ட்டைக் கழற்றினேன்.

சேட் நல்ல மனிதர். மூட்டையிலிருந்து ஒரு துணியை உருவி, திரை பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமாவுக்கு என் பேண்ட் தொப்புள்வரை ஏறியது, பட்டன் சேரவில்லை. பச்சை பெல்ட் காப்பாற்றியது. திரை பிடித்த துணியை நான் கைலியாகச் சுற்றிக்கொண்டேன். பெண்கள் நைட்டிக்கான சாம்பிள் துணி. ரோஸ் நிறத்தில் சூரியகாந்திப் பூக்கள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு.

சேட் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை பேர் மிதிச்சும் ஒரு டாங்கா, ஒரு தையல்கூட பிரியலையே. யாரு தைச்சது?" என்று இந்தியில் கேட்டார். மாமா மெல்லக் கையைத் தூக்கினார். "நூறு பீஸ் குடுங்க. ஆனா பைட்னே வாலா நஹி. உட்கார முடியாத பெட்டி."

இப்படியாகத் தாராவிக்குத் திரும்பினோம். முன்னால் மாமா, என் பேண்ட்டில், மூச்சுவிடாமல். பின்னால் நான், சூரியகாந்தியில், வேட்டி வாலாகத் தொங்கும் பெட்டியோடு. மாடிப்படியில் பல்கீஸ் நின்றிருந்தாள். மேலிருந்து கீழாக வாப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சாவி யாருகிட்ட இருக்கு?"

மறுநாள் சாவி கேட்டு மாதுங்கா போனேன். கதவைத் திறந்த சந்துருவின் அண்ணன் என் கார்டை வாங்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "சிம்மாசனமா? போன வருஷம் கப்பல் கம்பெனின்னு சொல்லிண்டிருந்தான். என்னையே கேப்டன் ஆக்கிட்டான்" என்றார். சந்துரு பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. "ஏலே"யாக இருந்த என்னை முதன்முதலில் "வாங்க" என்றவர் அவர்தான்.

அன்று சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டார். தேவ்நார் லாரியைப் பற்றித்தான் சொல்லப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"ஏலே மீரானு. ரயில்ல நடந்தது குடும்பத்தைத் தாண்டி வெளிய போவக்கூடாது. புரியுதா?"

"சத்தியமா சொல்ல மாட்டேன் மாமா."

"உன் சத்தியத்தை நம்பிக்கிட்டு நான் இருக்க முடியாது. அதனால நீ குடும்பத்துக்குள்ளயே வந்துரு."

பெருநாள் முடிந்ததும் நிக்காஹ் நடந்தது. ரகசியம் பிரியாணி பரிமாறுகிற வரைக்கும் நின்றது. அதற்குமேல் பல்கீஸால் முடியவில்லை.

அந்தப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. பூட்டை உடைத்துவிடலாம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "என் கை வேலையில உளி படக்கூடாது" என்று மாமா கடைசிவரை விடவில்லை. வெளியே தொங்கிய வேட்டியைக் கத்தரித்தோம், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கிறது.

போன மாதம் என் பேரன் காலேஜை விட்டுவிட்டு வந்து நின்றான். கூட்டாளியோடு சேர்ந்து ஸ்டார்ட்அப் தொடங்குகிறானாம். செல்போனில் ஏதோ ஒன்று, ஊரையே புரட்டிப் போடுமாம். "நன்னா, உங்களையும் அட்வைசராப் போட்டுடலாம்னு இருக்கோம்" என்றான். எனக்கு உடனே மயிர்க்கூச்செறிந்துவிட்டது. இந்த வயதில் அட்வைசர்! கார்டு அடிப்பார்களா என்று கேட்க வாயெடுத்தேன்.

சமையலறையிலிருந்து பல்கீஸின் குரல் வந்தது.

"எல்லாஞ் சரிதான். சாவி யாருகிட்ட இருக்கு?"

"சாவி எல்லாம் இல்ல நன்னி, பாஸ்வேர்டுதான்" என்றான் பையன். "அது பார்ட்னர்கிட்ட இருக்கு."

நான் எழுந்தேன். நாற்காலியைப் போட்டு ஏறி, பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கி அவன் கையில் கொடுத்தேன்.