கரையாத திருமுகம்

அந்த நாட்டின் பெயர் ஏழேரி நாடா, எட்டேரி நாடா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. இடையில் ஓர் ஏரியைத் தூர்த்து மந்திரிகளுக்கு மாளிகை கட்டினார்கள். ஆகவே இரண்டும் சரியாக இருக்கலாம். மற்றதிலும் பிசகு இருந்தால் பெயர்களில்தான் இருக்கும்.

அந்நாட்டு அரசு மருத்துவமனையின் முதியோர் கூடத்தில் அம்பலவாணனின் மனைவி வடிவு படுத்திருந்தாள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. "உடம்பில் கொஞ்சம் தெம்பு ஏறட்டும், பிறகு எலும்பைச் சேர்த்துவிடலாம்" என்றார் வைத்தியர். தெம்பு ஏற வழியில்லை. அங்கே ஊற்றிய கஞ்சியில் கிண்ணத்தின் அடி தெரிந்தது.

வைத்தியர் அரண்மனைக்குப் போய்ச் சொன்னார்: "கஞ்சியில் ஒரு கரண்டி நெய்யும் ஒரு முட்டையும் கலந்தால் போதும், அரசே. பாதிப் பேர் எழுந்து நடப்பார்கள்."

மன்னர் திருமுகத்தார் நெடுநேரம் யோசித்தார்.

"நெய்யில் என் முகம் தெரியுமா?"

"தெரியாது, அரசே. உருகிவிடும்."

"அப்படியானால் கொடுத்தது யார் என்று குடித்தவனுக்கு எப்படித் தெரியும்? தேர்தல் வேறு வருகிறது."

அந்த நாட்டில் மன்னரையும் மக்களே தேர்ந்தெடுத்தார்கள். அது ஒன்றுதான் அவர்களுக்கு இருந்த பெருமை.

போஷாக்கு மந்திரி வழி கண்டுபிடித்தார். சத்தையெல்லாம் திரட்டி, கல்லாகச் சுட்டு, மேலே மன்னரின் முகம் புடைத்து நிற்கும்படி ஒரு பிஸ்கட். மூக்கு சற்றுத் தூக்கல். கூடவே ஆணையும் வந்தது: திருமுகத்தைக் கடிப்பதும், நனைத்துக் கரைப்பதும், கீழே போடுவதும் ராஜத் துரோகம். ஓரத்தைக் கொறிக்கலாம்.

கூடத்தில் பல் உள்ளவர்கள் யாரும் இல்லை.

"ஏங்க, இதை என்ன செய்யறது?" என்றாள் வடிவு. "கும்பிடறதா?"

"தலையணைக்கு அடியிலே வை. காவக்காரன் பாக்குறான்."

எல்லோரும் அப்படித்தான் வைத்தார்கள். மாதக் கடைசியில் எடை பார்க்க மந்திரியே வந்தார். நோயாளிகளால் எழுந்து நிற்க முடியாததால் கட்டிலோடு எடை போட்டார்கள். எல்லோருக்கும் கூடியிருந்தது. அன்று காலை இறந்து, இன்னும் எடுக்கப்படாமல் கிடந்த ஒரு பெரியவருக்கும் கூடியிருந்தது. மந்திரி கண்கலங்கினார்.

"இவ்வளவு சதை போட்டபின் கஞ்சி எதற்கு? கொழுப்பு ஏறிவிடும்" என்று சொல்லிக் கஞ்சியை நிறுத்தினார்.

வடிவின் கன்னங்கள் உள்ளே போயின. அம்பலவாணன் பொறுத்துப் பார்த்தார். ஒரு மதியம், துண்டால் மறைத்துக்கொண்டு, வெந்நீரில் ஒரு பிஸ்கட்டைக் குழைத்து அவளுக்கு ஊட்டினார். இரண்டு வாய் இறங்கியது.

"ருசி ஒண்ணும் மோசமில்லீங்க" என்றாள் அவள். "ஆளுதான் மோசம்."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்புச் சத்தம் அந்தக் கூடத்துக்குப் புதிது. காவலன் ஓடி வந்தான்.

"யோவ் பெரிசு! கிண்ணத்துல என்ன?"

எட்டிப் பார்த்தான். வெந்நீரில் மன்னரின் காது ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

"அடப்பாவி, மூக்கைக் கரைச்சிட்டியே!"

"மூக்கை அவ முழுங்கிட்டா" என்றார் அம்பலவாணன். "வேணும்னா அவளையும் பிடிச்சுக்கோ. கட்டிலோட தூக்கு, எடை கூடத்தான் இருக்கும்."

அவரை மட்டும் கொண்டுபோனார்கள். ஊட்ட ஆள் இல்லாத வடிவு, மீதி பிஸ்கட்டுகளின் மேல் தலைவைத்துக் கிடந்தாள்.

தேர்தலில் திருமுகத்தார் தோற்றார். மக்களின் கோபம் அப்படி. புதிய மன்னர் மருத்துவமனை வாசலில் நின்று, "முதியோரை வதைத்த அந்த முகம் இனி இங்கே இராது!" என்று முழங்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. சொன்னபடியே அச்சு மாறியது. புது முகத்துக்கு மீசை உண்டு. அதனால் பிஸ்கட் இன்னும் கொஞ்சம் கனம்.

வடிவு எலும்பு சேராமலே இறந்தாள். எடை கூடியவர்களில் ஒருத்தியாக அவளை அறிவித்தார்கள். அம்பலவாணன் சிறையில் இருக்கிறார். யார் முகமானாலும் கரைத்தது குற்றம்தான் என்று புதிய அரசு சொல்லிவிட்டது. வைத்தியர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். மந்திரி கட்சி மாறி, அதே இலாகாவில் மந்திரியாக இருக்கிறார். திருமுகத்தார் பல்லெல்லாம் கொட்டி, வடிவு கிடந்த கட்டிலில் கிடக்கிறார். அவர் தலையணைக்கு அடியில் மீசை வைத்த பிஸ்கட்டுகள் இருக்கின்றன. போன மாதம் எடை பார்த்தபோது அவருக்கும் கூடியிருந்தது.