றொஷேலின் அறையில் இருபத்துமூன்று மாதா

பேசாலை,
05.02.2025, புதன்கிழமை.

மாதா காவல்.

மதிப்புக்குரிய பெரிய மச்சான் அமிர்தநாயகம் அவர்களுக்கு, உங்கள் தங்கை செபஸ்தியம்மாவைக் கைப்பிடித்த சந்தியோகு பணிவுடன் எழுதுவது. உங்கள் சுகத்தையும் மச்சாளின் முழங்கால் வலியையும் வெள்ளாங்குளத்து நெல் அறுவடையையும் நான் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எல்லோரும் என்று சொல்ல இந்த வீட்டில் இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன். என் மனைவியும், நிறைமாதத்தை நெருங்கும் என் ஒரே மகள் றொஷேலும் பதின்மூன்று நாட்களாக உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளை பிறக்க டொக்டர் சொன்ன திகதிக்கு இன்னும் பத்தொன்பது நாள். மருமகனோ கட்டாரில். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவதுதான் நம் வழக்கம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டிலிருந்து மன்னார் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்பதையும் சொல்லத் தேவையில்லை. வழியில் நோவு கண்டால் என்ன செய்வது? தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் செபஸ்தியம்மா வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள், அதில் பொய் இருக்காது. என் பக்கத்தையும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

எல்லாம் பிரதேச சபையின் துண்டுப் பிரசுரத்தில் தொடங்கியது. ஜனவரி முதலாம் கிழமை வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். பச்சைப் பையில் உக்கி மண்ணாகிற குப்பை, நீலத்தில் கடதாசி, செம்மஞ்சளில் பிளாஸ்டிக், சிவப்பில் கண்ணாடி, கலந்து வைத்தால் எடுக்கமாட்டோம், உங்கள் ஒழுங்கைத் தெருவுக்குப் புதன்கிழமை. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. மீன் செதிலுக்கு என்ன நிறம், அறுந்த வலைத்துண்டுக்கு என்ன நிறம் என்று ஒழுங்கையில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்து அதுவும் ஒருவழியாகத் தீர்ந்தது. பிரச்சினை கலண்டரில் வந்தது. எங்கள் ஊரில் ஐஸ் கடைக்காரரும் இரும்புக் கடைக்காரரும் மாதாவையோ அந்தோனியாரையோ போடாமல் கலண்டர் அடிப்பதில்லை. வருடம் முடிந்தாலும் அதை எறிய யாருக்கும் மனம் வராது, பழையதன் மேலேயே புதியதை மாட்டிவிடுவோம். பத்துப் பதினைந்து வருடத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிற ஆணிகள் எங்கள் ஒழுங்கையில் உண்டு. நீலப் பை வந்ததும் இதற்கு ஒரு மரியாதையான வழி கிடைத்துவிட்டது என்று எல்லோரும் ஆணியைக் காலியாக்கிக் கலண்டர்களைப் பையில் போட்டு வாசலில் வைத்தார்கள்.

சபை ட்ரக்டரில் குப்பை ஏற்றுகிறவர் லெட்சுமணன். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், நாட்கூலிக்கு வேலை செய்கிறார், நல்ல மனிதர், சைவக்காரர். அவர் மற்ற எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ஒவ்வொரு வாசலிலும் கலண்டர்களை மட்டும் சுருட்டித் திரும்ப வைத்துவிட்டுப் போனார். ஏன் என்று ஓடிப்போய்க் கேட்டேன். "ஐயா, ஏறி மிதிச்சு அமுக்குனாதாங்க பெட்டியில எடம் வரும். மாதா மேல என்னால கால் வைக்க முடியாதுங்க" என்றார். ஒழுங்கை முழுக்க வாசலில் நின்று அதைக் கேட்டது. ஒரு சைவக்காரர் கால் வைக்கத் தயங்குகிற மாதாவை நாங்கள் தெருவில் வைத்துவிட்டோமே என்று எல்லோர் முகமும் தொங்கிப்போயிற்று. அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தேன் மச்சான். இங்கே கொண்டுவாருங்கள், நான் பங்குச் சுவாமியிடம் சேர்க்கிறேன் என்று சொன்னேன். இதுதான் நான் செய்த குற்றம். முப்பத்தொரு வருடம் தபால் கொண்டு திரிந்தவன் நான். ஒருவர் ஒன்றை நீட்டினால் யோசிக்கும் முன்பே என் கை வாங்கிவிடும்.

சுவாமி என்ன சொன்னார் தெரியுமா? கலண்டர் மந்திரிக்கப்பட்ட பொருள் அல்ல, கடைக்காரர் அச்சடித்தது, தாராளமாகச் சபைக்குக் கொடுக்கலாம் என்றார். அதை நான் திரும்ப வந்து சொன்னபோது ஒருவர்கூட நம்பவில்லை. சுவாமி சின்ன வயது, இன்னும் பழகவில்லை என்றார்கள். கலண்டர் வந்த வழியே மற்றவையும் வரத் தொடங்கின. கை உடைந்த அந்தோனியார், தலை ஒட்டவைத்த செபஸ்தியார், முத்து உதிர்ந்த செபமாலைகள், மடுக் கோவில் திருநாளில் வாங்கின, மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் தீர்த்தப் போத்தல்கள். போத்தல் செம்மஞ்சள் பையா, எந்தப் பை என்று யார் தீர்மானிப்பது? எல்லாம் என்னிடம் வந்தன. பிறகு பக்கத்து ஒழுங்கைக் கனகரத்தினம் மாஸ்டர் பதினாறு பிள்ளையார் கலண்டரோடு வந்தார். அவருக்கும் அதே பிரச்சினை, போக்கிடம் இல்லை. அதற்கடுத்த நாள் சந்தையடிப் பாத்தும்மா ஒரு உரப்பை நிறைய, அறபு எழுத்து உள்ள கலியாண அட்டைகளும் கிழிந்த ஓதல் புத்தகங்களும் கொண்டுவந்து, கால் படாத இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னா. நான் மேசையில் வைத்தேன். ஒருவர் மற்றவரின் மேல் சாய்ந்து கிடக்காமல் இருக்க நடுவில் இரண்டு சீலைத் திரையும் கட்டினேன். இவ்வளவும் எந்த அறையில் என்று கேட்பீர்கள். வேறு அறை ஏது? றொஷேலுக்கென்று காலியாக்கி வைத்திருந்த கிழக்கு அறையில்தான்.

பிள்ளை பன்னிரண்டாம் திகதி வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். இவ்வளவு பேர் முன்னால் எப்படி அப்பா உடுப்பு மாத்துறது என்று கேட்டுவிட்டு, விறாந்தைக் கட்டிலில் படுத்தாள். செபஸ்தியம்மா சிரிக்கவில்லை. ஒரு கிழமைக்குள் அறை காலியாக வேண்டும் என்றாள். நானும் முயற்சி செய்தேன் மச்சான், சத்தியமாகச் செய்தேன். மந்திரித்ததோ இல்லையோ, கால் படாத நிலத்தில் புதைத்துவிடலாம் என்று சுவாமி இறங்கிவந்தார். வீட்டு வளவின் மூலையில் குழி தோண்டினேன். ஜனவரி மழைக்கு இரண்டடியில் தண்ணீர் ஊறிவிட்டது. ஊறுவது வற்றட்டும் என்று ஒரு கட்டுக் கலண்டரையும் சில செபமாலைகளையும் குழியின் கரையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன். வாசல் படலையைச் சாத்த மறந்துவிட்டேன். இந்த மன்னார்த் தீவில் படலை திறந்திருந்தால் கழுதைக்கு யார் சொல்லி அனுப்புகிறார்களோ தெரியாது, நான்கு வந்துவிட்டன. நான் திரும்பி வரும்போது ஒன்று சூசையப்பரை ஆகஸ்ட் மாதம் வரைக்கும் தின்றுவிட்டது. குட்டியொன்று கழுத்தில் செபமாலையோடு சந்தைப் பக்கம் ஓடியது. சந்தையில் இரண்டு பெண்கள் அதற்கு வழிவிட்டு நின்றார்களாம். அன்றைக்குச் செபஸ்தியம்மா என் சோற்றுத் தட்டைக் குழியின் கரையிலேயே கொண்டுவந்து வைத்தாள்.

இனி எழுதப்போவதை எழுதக் கை கூசுகிறது. இருபதாம் திகதி சுகாதாரப் பரிசோதகர் பிரதீபன் டெங்குச் சோதனைக்கு வந்தார். பூச்சாடி, தேங்காய்ச் சிரட்டை, கிணற்றடி எல்லாம் சுத்தம். அறைக்குள் போனார். ஒரு மாதாப் போத்தலைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கிரீடம்தான் அதற்கு மூடி, அந்தக் கிரீடத்தைக் காணவில்லை. "ஐயா, உள்ளுக்கு என்ன நெளியுது எண்டு வடிவாப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். நுளம்புக் குடம்பி, டெங்குவைப் பரப்புகிற நுளம்பின் புழுக்கள். இருபத்துமூன்று போத்தலில் பதினொன்றுக்கு மூடி இல்லை, பதினொன்றிலும் நெளிந்தது. உடனே ஊற்றச் சொன்னார். தீர்த்தத்தைக் கண்ட இடத்தில் ஊற்றக்கூடாது, ஆட்கள் நடக்கிற நிலம் என்று நான் மறித்தேன். ஒரு கர்ப்பிணியை வீட்டில் வைத்துக்கொண்டு சுகாதார உத்தியோகத்தரோடு நின்று தர்க்கம் பண்ணினேன் மச்சான். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போல் இருக்கிறது. அவர் மருந்தைப் போட்டுவிட்டு, பதினான்கு நாளில் அறை சுத்தமாகாவிட்டால் வழக்கு என்று சிவப்புக் கடதாசியை வாசலில் ஒட்டிவிட்டுப் போனார்.

வழக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. இரண்டு நாள் கழித்து றொஷேலுக்குக் காய்ச்சல் காய்ந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தம் எடுத்தார்கள். எட்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை அங்கே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். செபஸ்தியம்மா செபமாலையை உருட்டிக்கொண்டு என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தேன். என் பிள்ளைக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் என் வீட்டுத் தீர்த்தத்தில் இருந்தே சாவு வந்துவிடுமோ என்று பயந்தேன். அப்படியொரு பயத்தை நான் சண்டைக் காலத்திலும் பட்டதில்லை. இரண்டு மணிக்கு முடிவு வந்தது. டெங்கு இல்லை, சாதாரணச் சளி, தடிமன் காய்ச்சல். நான் வாங்கிலேயே அழுதுவிட்டேன். செபஸ்தியம்மா எழும்பிச் சேலையைச் சரிசெய்துகொண்டு, "உங்கட கையை மடக்கி வைச்சிருக்கப் பழகினாப் பிறகு சொல்லி அனுப்புங்கோ. அண்டைக்கு வாறம்" என்றாள். அங்கிருந்தே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெள்ளாங்குளம் பஸ் ஏறிவிட்டாள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இப்போது நல்ல செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. மாதா கோவில் வளவுக்குப் பின்னால் மேட்டு நிலத்தில், லெட்சுமணன் தன் லீவு நாளில் தன் மண்வெட்டியோடு வந்து ஆறடிக்குக் குழி வெட்டினார், தண்ணீர் ஊறவில்லை. சுவாமி செபம் சொன்னார். பிள்ளையாருக்குக் கனகரத்தினம் மாஸ்டர் தேவாரம் படித்தார். பாத்தும்மாவின் பொருட்களுக்கு அவவின் தம்பி தனியாக ஒரு குழி வெட்டி ஓதி மூடினார். தீர்த்தம் முழுவதையும் கோவில் வேப்பமரத்து வேரில் ஊற்றினோம். வெறும் போத்தல்களை மட்டும் சபைக்குத்தான் கொடுக்க வேண்டும், பிளாஸ்டிக் உக்காது என்று சுவாமியே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லெட்சுமணன் யோசித்தார். பெட்டியில் போட்டு மிதிக்க அவரால் ஏலாது. கடைசியில் திங்கட்கிழமை இருபத்துமூன்றையும் ஒரு கயிற்றில் கோத்து, சாரதியின் ஆசனத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரிக் கட்டிக்கொண்டு போனார். தலைமன்னார் வீதியால் சபை ட்ரக்டர் போகப் போக, சனம் சைக்கிளால் இறங்கி நின்று சிலுவை போட்டதாம். அன்று பின்னேரம் பிரதீபன் வந்து பார்த்து, சிவப்புக் கடதாசியைத் தன் கையாலேயே கிழித்துவிட்டார்.

அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறேன். புது நுளம்பு வலை கட்டியிருக்கிறேன். தொட்டிலை மூன்று தரம் கழுவி வெயிலில் காயவைத்தேன். கட்டில், தொட்டில், ஒரு கதிரை தவிர அந்த அறையில் ஒரு துரும்பு இல்லை. இனி எவர் எதை நீட்டினாலும், அது உரோமாபுரியிலிருந்து வந்தாலும், நான் வாங்கமாட்டேன். வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டேன், சுவாமி சாட்சி. நேற்று ஒருவர் பழைய அந்தோனியார் சுருவத்தோடு படலையில் நின்றார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று திருப்பி அனுப்பினேன். அவர் போனபின் வெகுநேரம் எனக்கு மனம் சரியில்லை. ஆனாலும் அனுப்பிவிட்டேன். இதைச் செபஸ்தியம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் சொல்லை அவள் தட்டமாட்டாள். என் பேரப்பிள்ளை என் வீட்டில் கண் விழிக்க நீங்கள்தான் வழிசெய்ய வேண்டும்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் வயலும் வீடும் குறைவின்றி நிறைந்திருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

கை மடக்கியிருக்கும்,
யோ. சந்தியோகு.

பி.கு. கடிதத்தை மடித்து உறையில் போடும்போது வெளியே ஹோர்ன் அடித்தது. உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிற பஸ், எங்கள் ஒழுங்கை முனையில் நின்றது. கொண்டக்டர் இரண்டு உரப்பையை இறக்கி, உங்கட ஆக்கள் தந்து விட்டவை என்று நீட்டினார். என் கை வாங்கிவிட்டது மச்சான். அவிழ்த்துப் பார்த்தால் கலண்டர். மேலேயே உங்கள் வீட்டு விறாந்தையில் தொங்கிய அந்தோனியார். நீங்கள் முப்பது வருடமாக ஒன்றையும் கழற்றவில்லை என்பது எனக்கு இன்றுதான் தெரியும். நடுவில் செபஸ்தியம்மாவின் கையெழுத்தில் ஒரு துண்டு. அப்படியே எழுதுகிறேன்: "இஞ்ச எல்லாரும் நான் ஆரின்ர பெண்சாதி எண்டு அறிஞ்சிட்டினம். நாலு வீட்டுச் சனம் வாசல்ல வந்து நீட்டிக்கொண்டு நிண்டுது. என்னாலயும் கையை மடக்கேலாமப் போச்சுது. சனிக்கிழமை வாறம். பிள்ளைக்கு விறாந்தைக் கட்டில் காணும்."

ஆகவே மேலே எழுதிய ஒன்றையும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம், முக்கியமாக அந்தச் சத்தியத்தை. எழுதிய கடிதத்தை அனுப்பாமல் விடுவது என் தொழிலுக்கு ஆகாது என்பதால், பஸ் திரும்பிப் போகும்போது அதே கொண்டக்டரிடமே இதைக் கொடுத்துவிடுகிறேன். லெட்சுமணனின் மண்வெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.