கடைமடைக்குச் சாய்ந்த மேஜை

பாபநாசம் அருகில்,
9-2-1974, சனிக்கிழமை

சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனன் சிரஞ்சீவி தியாகுவுக்கு, அத்தான் காயாரோகணம் எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் அக்காள் ரெங்கம்மாள், பசு, கன்று எல்லோரும் நலம். உன் நலத்தையும் விசாரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் நீ அனுப்பிவைத்த வாத்தியாரால் என் நிம்மதியே போய்விட்டபடியால், உன் நலத்தை அடுத்த கடிதத்தில் விசாரிக்கிறேன்.

கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் ஆத்திரத்தில் முதலிலிருந்தே சொல்கிறேன். உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் கைமாறியதும் பெரிய பண்ணையார் தன் களத்து பங்களாவை நம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போய்விட்டார். உள்ளே கிடந்த பில்லியர்ட்ஸ் மேஜை எந்த வாசலிலும் நுழையவில்லை. மேஜையைப் போட்டுவிட்டுத்தான் சுவரே எழுப்பினார்களாம். முதலில் அதன்மேல் விதைநெல் காயவைத்தோம், அப்புறம் பொங்கலுக்கு இலை போட்டுச் சாப்பிட்டோம், கடைசியில் அதில் ஆடவும் பழகினோம். இப்போது பண்ணையாரும் காலமாகி, அவர் மகன் ஐயாவு வந்து, "பங்களா பத்திரத்துல மேசை இல்லியே" என்கிறார். தாசில்தார் முன்னிலையில் முத்தரப்புப் பேச்சுவார்த்தை நடந்து, மூன்று தரப்பும் டீ குடித்ததுதான் மிச்சம். சரி, ஒரு ஆட்டம் ஆடுவோம், ஜெயிப்பவருக்கு மேஜை என்று முடிவாயிற்று. அவர் ஜெயித்தால் சுவரை இடித்துத்தான் எடுத்துப்போவார். சங்கக் கட்டடமே சந்தி சிரித்துவிடும். கூலிப் பேச்சில் பண்ணைக்கு விட்டுக்கொடுக்காத செயலாளர் நான், குச்சியைப் பிடித்தா விட்டுக்கொடுக்கப் போகிறேன் என்று கூட்டத்தில் நானும் மார்தட்டிவிட்டேன். ஆட்டம் நாளைக்கு.

இதை உனக்கு எழுதப்போக, நீ மெட்ராஸ் கிளப்பில் பில்லியர்ட்ஸுக்குப் புள்ளி குறிக்கும் மார்க்கராக இருக்கும் அஹமது கபீரைப் பாடம் சொல்லிக்கொடுக்க அனுப்பினாய். தங்கமான மனிதர். அதனால்தான் திட்டவும் முடியவில்லை. வந்ததும் மேஜைமேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, "அண்ணே, மேசை கிழக்கால சாயுதுங்க" என்றார். எங்களுக்குத் தெரியாதா? மேற்குப் பக்கம் தலைமடை, கிழக்கு மூலை கடைமடை என்று பேரே வைத்திருக்கிறோம். காலமெல்லாம் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனுக் கொடுத்தே ஓய்ந்துபோன நமக்கு, கேட்காமலே பந்து போய்ச் சேருகிற கடைமடை இது ஒன்றுதான். என் ஆட்டமே அந்தச் சாய்வில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கபீர் மேஜைக் காலுக்கு அடியில் ஒரு செங்கல்லைச் செருகி, "இப்ப எல்லாப் பக்கமும் சமம்" என்றார். மேடைக்கு மேடை எல்லாரும் சமம் என்று பேசுகிறவன், வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

அதோடு விட்டாரா மனுஷன்? இடது காலை முன்னால வைங்க, முழங்கையைத் தொங்கவிடுங்க, மூச்சைப் பிடிங்க, தாடை குச்சியில படணும், யோசிச்சு அடிங்க என்று ஆரம்பித்தார். அதுவரைக்கும் எனக்கு முழங்கை என்று ஒன்று இருப்பதே தெரியாது மாப்பிள்ளை. இப்ப எங்க போனாலும் அது கூடவே வருது. வரப்புல நடக்கறப்ப எந்தக் காலை முன்னால வைக்கிறதுன்னு யோசிச்சு, புல்லுக்கட்டோட வாய்க்கால்ல விழுந்தேன். பால் கறக்கறப்ப மூச்சைப் பிடிச்சேன், பசு எட்டி உதைச்சுது. சங்கக் கூட்டத்துல முழங்கை தொங்குதான்னு பாத்துக்கிட்டே கையைத் தூக்கினேன், நானே கொண்டுவந்த தீர்மானத்துக்கு எதிரா என் ஓட்டு விழுந்துடுச்சு. நேத்து சாப்பாட்டுல கவளத்தை எடுத்துக் குறிபாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். "சோத்தையாவது யோசிக்காம தின்னுங்களேன். மேசை போனா மசுரே போச்சு, எனக்கு மனுஷன் வேணும்"னு உன் அக்கா அழுவுறா.

தொழில் தெரிந்தவரிடம் கற்றால் ஆட்டம் திருந்துமா என்று கேட்டால், திருந்தாது, திருந்தாது, திருந்தாது. முன்பு கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன், பந்து குழியில் விழும். இப்போது கண்ணைத் திறந்து அடிக்கிறேன், குச்சிதான் கீழே விழுகிறது. பயமாக இருக்கிறதடா. என்னை நம்பி ஊரே உட்கார்ந்திருக்கிறது. நாளைக்குச் சுவர் இடிந்தால் அந்தப் பழி உனக்கும் கபீருக்கும்தான். ஆனாலும் நீ குறைவில்லாமல் வாழவேண்டும் என்று, முழங்கையைத் தொங்கவிட்டபடியே ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
வீ. காயாரோகணம்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை தபால் எடுக்காததால் இன்று திங்கட்கிழமை இதையும் சேர்த்து எழுதுகிறேன். ஜெயித்துவிட்டேன்! மேலே கபீரைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. நான் ஒன்றும் பெரிதாக ஆடிவிடவில்லை. ஐயாவு கடைமடையை நம்பி நம்பி அடித்தார், பந்து நேராகப் போய்ச் சும்மா நின்றது. ஆட்டம் முடிந்ததும் குனிந்து செங்கல்லைப் பார்த்தார். சண்டைதான் என்று நினைத்தேன். "மேசை சாஞ்சு கெடந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். "சின்னப் புள்ளையில எங்கப்பா என்னை எப்பவும் கிழக்கு மூலைக்குத்தாங்க அடிக்க விடுவாரு. விழுந்தா கையைத் தட்டுவாரு. நான் நல்லா ஆடறேன்னுல்ல இத்தினி நாளா நெனச்சிருந்தேன்" என்றார். கூலியில் அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டதற்கு ஊரையே பட்டினி போட்ட பெரிய பண்ணையார், பிள்ளைக்கு இப்படித் தோற்றுக்கொடுத்திருக்கிறார். எனக்குத் தாங்கவில்லை. செங்கல்லை நானே உருவிப்போட்டு, "மேசை இங்கதான் இருக்கும். நீங்க எப்ப வேணாலும் வாங்க. இப்ப இன்னொரு ஆட்டம் போடுவோம்" என்றேன். அதில் அவர் ஜெயித்தார். எல்லோரும் கை தட்டினோம். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்து உன் அக்காள் நேற்றிலிருந்து கறிக்குழம்பு வைத்து உபசரிக்கிறாள். சாய்ந்த மேஜையிலும் எனக்கு இப்போது ஆட வரவில்லை என்பதை அவளுக்கு எழுதிவிடாதே.