தொடையில் முளைத்த எலும்பு பற்றி மச்சானுக்கு

சியாசோக்கே,
மே மாதம் ஒன்பதாம் நாள்

மதிப்புக்குரிய மச்சான் மிசாயெல் அவர்களுக்கு,

இங்கு நானும் தங்கள் தங்கை எர்சிலியாவும் இரண்டு பசுக்களும் மாதாவின் தயவால் சுகம். அங்கே யோப்பால் ஊர் வெயிலில் தாங்களும் தங்கள் லாரியும் சுகமாக ஓடிக்கொண்டிருக்க வேண்டுகிறேன். உருளைக்கிழங்கு இந்த முறை சின்னதாகத்தான் விழுந்தது. மற்றபடி எழுத விசேஷம் ஒன்றுமில்லை, என் இடது காலை இழக்கப் பார்த்தேன் என்பதைத் தவிர.

மார்ச் மாதத்து அந்த மத்தியானம் தங்களுக்கு ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டால் ஞாபகப்படுத்துவது என் கடமை, ஏனென்றால் வட்டை எறிந்தது தாங்கள். தங்கள் ஞானத்தாய் ஹெர்மெலிந்தா அம்மாள் காலமாகி ஒன்பது நாள் ஜெபத்தில் அன்று ஐந்தாம் நாள். பசு கன்று போடும் நேரம் என்று எர்சிலியா வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஜெபத்துக்குப் போகிறோம் என்று அவளிடம் சொல்லிவிட்டு நாம் இருவரும், களிமண்ணில் பதித்த வெடிப் பொட்டலத்தின் மேல் இரும்பு வட்டு எறியும் தெஹோ ஆடப் போனோம். தங்களுடைய முந்தின எறி வெடிப் பொட்டலத்தைத் தொட்டதா இல்லையா என்று நான் களிமண் பெட்டியருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்கள் ஐந்தாவது பீரில் இருந்தீர்கள். முக்கால் கிலோ இரும்பு பறந்து வந்து, பொட்டலத்தை விட்டுவிட்டு என் தொடையில் இறங்கியது. இதை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று இறந்துபோன அம்மாள் பேரில் அங்கேயே சத்தியம் செய்தோம். மறுநாள் தாங்கள் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். தொடை என்னோடு தங்கிவிட்டது.

வீக்கம் வற்றும் வற்றும் என்று பார்த்தேன், கெட்டியாயிற்று. சுளுக்கு எடுக்கும் கிரிசாந்தோவிடம் ரகசியமாகப் போனேன். அவர் சோம்புச் சாராயமும் மாட்டுக்குப் போடும் களிம்பும் சேர்த்து, மாவு பிசைகிற மாதிரி மூன்று சனிக்கிழமை பிசைந்தார். கட்டி கரையுது, கரையுது என்று அவர் சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. கடைசியில் கால்சட்டையின் ஒரு கால் மட்டும் இறுகிப்போய், அதைப் பிரித்துத் தைக்க உட்கார்ந்த எர்சிலியா தொடையைக் காட்டுங்கள் என்றாள். காட்டினேன். அடுத்த பஸ்ஸில் துன்ஹா ஆஸ்பத்திரி.

அங்கே யமிலே என்று ஒரு இளம் டாக்டரம்மா. எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததும் அவர் குரல் மெதுவாகிவிட்டது. மச்சான், டாக்டர் கத்தினால் பயப்படாதீர்கள், மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

“அடி ஏதாவது பட்டுச்சா ஐயா? விழுந்தீங்களா, மாடு உதைச்சுதா?”

பக்கத்தில் எர்சிலியா, கையில் ஜெபமாலையோடு. நான் என்ன செய்வேன்?

“இல்லீங்க டாக்டர். ஞானஸ்நானத் தண்ணிக்கு அப்புறம் எம்மேல எதுவும் பட்டதே இல்ல.”

எர்சிலியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அடிபடாமல் இந்த வேகத்தில் வளர்ந்தால் தனக்குப் பயமாக இருக்கிறது, திங்கட்கிழமையே போகோட்டாவுக்கு அனுப்பி ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எர்சிலியா அவரை வாசலுக்கு அழைத்துப்போய் வெகுநேரம் ஏதோ பேசினாள். நான் பிழைப்பேனா என்று கேட்கிறாள் போலும் என்று சிலுவை போட்டுக்கொண்டேன். திரும்பி வந்த டாக்டரம்மா, மூன்று வாரம் பொறுத்து இன்னொரு படம் எடுப்போம், அதுவரை யாரும் அதைத் தடவக் கூடாது என்றார். தடவுவதைப் பற்றி அவருக்கு யார் சொன்னது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு விளக்கினார். இந்தக் கட்டிகளில் நிஜப் புற்றும் உண்டாம், புற்று வேஷம் போட்டு வருவதும் உண்டாம். நிஜமானது நடுவில் கெட்டியாகி ஓரத்தில் கலைந்து கிடக்குமாம். வேஷக்காரன், நசுங்கின சதை குழம்பிப்போய்த் தனக்குத்தானே எலும்பு கட்டிக்கொள்வது. அது அடுப்பில் வைத்த ரொட்டி மாதிரி, ஓரம் முதலில் காய்ந்து நடு மெத்தென்று இருக்குமாம். ஆனால் முதல் சில வாரங்களில் இரண்டுக்கும் படத்தில் ஒரே முகம். அந்த நேரம் பார்த்து ஊசி போட்டால், பூதக்கண்ணாடியின் கீழும் வேஷக்காரன் நிஜமாகவே ஆடிக்காட்டுவானாம். அதை நம்பிக் காலையே எடுத்துவிட்டதும் உண்டாம்.

அந்த மூன்று வாரம் நான் பட்டது எதிரிக்கும் வேண்டாம். எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். கோழியின் பெரிய துண்டு எனக்கு. சாமியார் அழைக்காமலே வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, ஒற்றைக் காலோடு எப்படி மிதிப்பீர்கள், சைக்கிளை எனக்கே தந்துவிடுங்கள் என்று ஆறுதல் சொன்னார். வாயைத் திறந்தால் எர்சிலியா, மூடினால் காலுக்கு ரம்பம். அறுபத்தொரு வயதில் இப்படி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது மகா களைப்பான வேலை மச்சான்.

இரண்டாவது படத்தன்று எர்சிலியா காப்பி வாங்கப் போன இடைவெளியில் சத்தியத்தை மீறிவிட்டேன். வட்டு, பீர், ஹெர்மெலிந்தா அம்மாள், கிரிசாந்தோ, மாட்டுக் களிம்பு, எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “சரிங்க ஐயா” என்றார். இவ்வளவு பெரிய பாவத்துக்கு இவ்வளவு சின்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு படம் வந்தது. ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம், நடுவில் வெறுமை. வேஷக்காரன்தான், சும்மா விட்டாலே சுருங்கும், கத்தியும் வேண்டாம் ஊசியும் வேண்டாம் என்றார். அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, மூக்கு ஒழுக அழுதேன். நல்ல சமயத்தில் நான் உண்மையைச் சொன்னதால் கால் தப்பியது.

ஆனால் எர்சிலியா இதை மாதாவின் அற்புதம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். வருகிற ஞாயிறு பூசையில் நான் பீடத்தருகே நின்று, காரணமில்லாமல் வந்த கட்டி காரணமில்லாமல் போயிற்று என்று சாட்சி சொல்ல வேண்டுமாம். அதோடு நானும் தாங்களும் சிக்கிங்கிரா மாதா கோவிலுக்கு நடந்தே வருவதாக நேர்ந்திருக்கிறாள். மூன்று நாள் நடை. தங்களை ஏன் சேர்த்தாள் என்று தெரியவில்லை, அண்ணன் பாசமாக இருக்கும். கோவிலில் பொய் சொல்ல எனக்கு நெஞ்சு துணியவில்லை. அவளிடம் நிஜம் சொல்ல அதைவிடத் துணியவில்லை. ஆகையால் தாங்கள் உடனே அவளுக்கு ஒரு கடிதம் எழுதி, ஆட்டமும் பீரும் சத்தியமும் தங்கள் யோசனை என்றும், நான் கடைசிவரை ஜெபத்துக்குப் போகத்தான் துடித்தேன் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டியது.

படித்ததும் இதை அடுப்பில் போடவும். பஸ் ஓட்டும் அபெலார்தோ கையில் நானே கொடுத்தனுப்புகிறேன், அவனுக்கு வாய் இறுக்கம். தங்கள் வண்டிச் சக்கரங்களையும் தங்கள் எறியையும் மாதா நேராக வைப்பாளாக.

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
காம்போ எலியாஸ்

பின்குறிப்பு: அண்ணா, இது என் கையெழுத்து. அபெலார்தோவுக்கு வாய் இறுக்கந்தான், ஆனா தினமும் காலைல காப்பி குடிக்கிறது என் அடுப்படியில. ஜெபத்துக்குப் போன மனுஷன் களிமண்ணோட நொண்டிக்கிட்டு வந்தா எனக்குத் தெரியாதா? மாட்டுக் களிம்பு டப்பா காலியானதும் தெரியும். முதல் நாளே வாசல்ல வச்சு டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அதனாலதான் ஊசி நின்னுச்சு. ஆனா நிஜக் கட்டிக்காரங்களும் அடிபட்டுச்சுன்னு சொல்றதுண்டு, அத மட்டும் நம்ப முடியாது, படம் வரட்டும்னு அவங்க சொல்லிட்டாங்க. அந்த மூணு வாரமும் எனக்கு வாயில ஒண்ணும் இறங்கல. கோழியில பெரிய துண்டு அவருக்குப் போனது அதனாலதான். மாதாகிட்ட ரெண்டு கேட்டேன். கட்டி பொய்யா இருக்கணும், இந்த மனுஷன் என்கிட்ட நிஜத்தைச் சொல்லணும்னு. ஒண்ணு கொடுத்துட்டா. இன்னொண்ணுக்கு ஞாயித்துக்கிழமை பூசை வரைக்கும் பாக்கறேன். நீ கடிதம் கிடிதம் எழுதிக் கெடுத்துடாதே. நல்ல பூட்ஸா வாங்கிக்கிட்டு வா.

எர்சிலியா