ஒரு அலுமாரி குறையுது!

எனக்கு ஒரு கோட்டை மாட்டிவிட்டால் போதும், மூளை கழன்றுவிடும். இதை ஒப்புக்கொள்வதில் இப்போது வெட்கமில்லை. (அன்று பட்ட வெட்கமே ஆயுளுக்குப் போதும்.)

கண்டியில் யோகா மிஸ்ஸிடம் (பெயர்தான் யோகா) கணக்கீடு படித்த காலம். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கதை கட்டுவார். இல்லாத கடை, இல்லாத முதலாளி, கைநீளமான காசாளர். அவர்களாக நாங்கள் நடித்துச் சண்டைபோட்டு முடிக்கும்போது வரவும் செலவும் தானாக மண்டையில் ஏறியிருக்கும். என்னைப்போல ஒரு மக்கு எங்கள் ஊர் மஹய்யாவவிலேயே கிடையாது. எனக்கே ஏறியது என்றால் பாருங்கள்!

அந்தச் சனிக்கிழமை தளபாடக் கடைக் கதை. என் கூட்டாளி ரிஹானாவின் வாப்பா கலகெதரவில் அப்படியொரு கடை வைத்திருந்தார். (நாங்கள் யாரும் அவரைக் கண்டதில்லை.) அவளிடம் விவரம் கேட்டுத்தான் மிஸ் கதையைக் கட்டியிருந்தார். ரிஹானா களஞ்சியப் பொறுப்பாளர். கூப்பிடும்வரை பக்கத்து அறையில் இருக்க வேண்டும். நான், கணக்கில் குறையும் அலுமாரியைத் தேடிவரும் கணக்காய்வாளர். அப்பாவின் கல்யாணக் கோட்டு என் முழங்காலைத் தொட்டது.

"முதலாளியா நடிக்க என்ர அண்ணா வருவார். நல்லாப் பொய் சொல்லுவார், விடாதேங்கோ" என்ற மிஸ், அண்ணனை இன்னும் காணவில்லையே என்று கீழே தெருவுக்கு இறங்கிப் போனார்.

சற்று நேரத்தில், மழையில் நனைந்த ஒருவர் தயங்கித் தயங்கி வாசலில் நின்றார். அடடா, என்ன நடிப்பு! மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

"நீங்கதானே தளபாடக் கடை முதலாளி?"

"ஓ... மகளுக்குக் குடை..."

"குடையெல்லாம் இருக்கட்டும்! ஒரு அலுமாரி குறையுது. எங்க போச்சு?"

மனிதர் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நீங்க எந்த ஒபீஸ், மகள்? அது... என்ட தங்கச்சி ஊட்டுக்குக் குடுத்த. அவக்கும் பொஞ்சாதிக்கும் பேச்சில்ல. பொஞ்சாதிக்கு மட்டும் செல்லிராதீங்க!"

வகுப்பே கைதட்டியது. தட்டி ஓயுமுன் பக்கத்து அறைக் கதவு திறந்தது.

"வாப்பா! மாமிக்கா குடுத்தீங்க?"

கோட்டுக்குள் மறைய நிறைய இடம் இருந்தது. மறைந்துகொண்டேன்.

அண்ணனோடு திரும்பி வந்த மிஸ்தான் காப்பாற்றினார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார், துடைக்கத் துவாய் கொடுத்தார், தேத்தண்ணி வரவழைத்தார். பிறகு மெதுவாக, "ஐயா, இதைப் பாடமா எடுக்கலாமோ?" என்றார். அவர் தலையாட்டினார்.

"முதலாளி தன்ர கடைச் சாமானைச் சொந்தத் தேவைக்கு எடுத்தால் அது களவில்லை, பிள்ளையள். எடுப்பனவு. ஒளிக்க ஒண்டுமில்லை, எழுதினால் சரி."

"அப்ப நான் கள்ளன் இல்லையே, மிஸ்?" அவர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது.

அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டாராம். அலுமாரியைக் கையோடு தூக்கிவரப் புறப்பட்ட மனைவி, நாத்தனார் வீட்டில் சோறு சாப்பிட்டு, சிரித்துக்கொண்டு திரும்பினாராம். ஒரு கற்பனைக் கடையை வைத்து இரண்டு வீட்டைச் சேர்த்துவைக்க யோகா மிஸ்ஸைத் தவிர யாரால் முடியும்? (மேசையில் அடித்தது நான்தான், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.)

இன்றும் நான் கலகெதரப் பக்கம் போனால் அந்த வீட்டில்தான் சாப்பாடு. வாசலில் என்னைக் கண்டதும் பெரியவர் இரண்டு கையையும் உயரத் தூக்கிவிடுவார்.

"இந்த முற ஒண்டும் குடுக்கல்ல, மகள்!"